எங்க பேண்டு பாட்டு யாரு பாட்டு? வடசென்னைக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கமெல்லாம் கிட்டார், ட்ரம்ஸோடு சட்டி மேளமும் டோலக்கும் கலந்து வாசிக்கிற ராக் குழுக்கள் இருக்கின்றன. பாட்டு ஓடாத வரைக்கும் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஓட ஆரம்பித்த மறுவாரம் ‘மெட்டு யார் போட்டது’ என்ற பேச்சு வந்துவிடும். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சட்டம் என்று இங்கே சொல்வது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 2012-ல் வந்த திருத்தமும் அதில் சேர்த்தி.

பாட்டுன்னா மொத்தமா ஒரே சொத்து தானே? அது யாருக்கு சேரும்?

இல்லை. பெரும்பாலான சண்டைகளுக்கு இந்த நினைப்புதான் காரணம். ஒரு பாட்டுக்குள் நாலு சொத்து இருக்கிறது. வரிகள் ஒன்று, சட்டத்தின் பார்வையில் அது இலக்கியப் படைப்பு, எழுதியவருக்குச் சொந்தம். மெட்டும் இசையும் இன்னொன்று. இசைப் படைப்பு என்பதில் வரிகள் சேராது என்று சட்டமே தனியாகச் சொல்கிறது. ரெக்கார்டிங் மூன்றாவது, அது தயாரிப்பாளருக்குப் போகும். பாடியவர், வாசித்தவர்களுக்கு இருக்கும் நிகழ்த்துவோர் உரிமை நாலாவது.

வரிக்கும் மெட்டுக்கும் உரிமை படைத்தவர் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த பின் 60 வருடமும் நிற்கும். ரெக்கார்டிங்குக்கு வெளியானதிலிருந்து 60 வருடம். நிகழ்த்துவோருக்கு 50. ஆக, ‘பாட்டு என்னுது’ என்று ஒருவர் சொன்னால், நாலில் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஒரே பாட்டை ‘என்னுது’ என்று சொல்லி இருவருமே சரியாக இருக்கலாம்.

எனக்கு நொட்டேஷன் எழுதத் தெரியாது. வாயால பாடித்தான் மெட்டு போடுவேன். நான் இசையமைப்பாளர் ஆவேனா?

ஆவீர்கள். இசையமைத்தவர் யார் என்ற சட்ட விளக்கத்திலேயே, குறிப்பு எழுதினாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று இருக்கிறது. கீபோர்டுக்காரர் அதை ஸ்வரமாகவோ கார்டாகவோ (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) எழுதிக் கொடுத்ததால் மட்டும் மெட்டு அவருடையதாகாது.

நான் ட்ரம்மர். பீட் முழுக்க நான் போட்டது. பங்கு உண்டா?

வாசித்ததற்கான உரிமை கட்டாயம் உண்டு. மெட்டில் பங்கு உண்டா என்பது நீங்கள் போட்டது என்ன என்பதைப் பொறுத்தது. ஊரெல்லாம் வாசிக்கிற குத்து, ஒரு சாதாரண நாலுக்கு நாலு ராக் பீட், தெரிந்த ஃபில் என்றால் பங்கு கேட்டு ஜெயிப்பது கஷ்டம். அந்தத் தாளத்தை எடுத்துவிட்டால் இது வேறு பாட்டு என்று கேட்கிறவர் சொல்லும் அளவுக்குத் தனித்தன்மை இருந்தால் கேட்கலாம். கார்டு வரிசைக்கும் இதே கணக்குதான். நாலு கார்டுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

பேஸ் வாசிப்பவர்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். கார்டின் மூல ஸ்வரத்தையே பிடித்துக்கொண்டு போனால் அது வாசிப்பு. பல்லவிக்கு முன்னால் வரும் எட்டு அட்சரத்தை பேஸ்தான் பாடுகிறது, ஜனங்கள் அதைத்தான் முணுமுணுக்கிறார்கள் என்றால் அது இசையமைப்பு. அந்த வித்தியாசத்தை ஜாம் பேடில், அதாவது சேர்ந்து வாசித்துப் பார்க்கும் ஒத்திகை அறையில் இருக்கும்போதே பேசிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பேசினால் எல்லாருடைய ஞாபகமும் அவரவர் பக்கம் சாய்ந்திருக்கும்.

ரிஃப் போட்டவன் கேட்டு ஜெயிச்ச வழக்கு இருக்கா? தோத்த வழக்கு?

ரிஃப் என்பது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டு. இரண்டு வகை வழக்கும் இங்கிலாந்தில் இருக்கின்றன. அந்தத் தீர்ப்புகள் நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்தில் எடுத்துக் காட்டலாம்.

ஜெயித்தது: புரோகல் ஹாரம் குழுவின் ஆர்கன் வாசிப்பாளர் மேத்யூ ஃபிஷர். 1967-ல் வெளியான பாட்டில் கேரி புரூக்கர், கீத் ரீட் பெயர்கள் மட்டும் இருந்தன. தொடக்கத்தில் வரும் எட்டு பார் ஆர்கன் பகுதி ஃபிஷர் போட்டது. 2005-ல் வழக்குப் போட்டார். இசையில் 40 சதவீதம் அவருக்கு என்று தீர்ப்பானது. நடுவில் மேல்முறையீட்டில் பங்கு பறிபோய், 2009-ல் அப்போது அங்கே கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை திரும்பக் கொடுத்தது. ஆனால் பணம் வழக்குப் போட்ட நாளிலிருந்துதான். 38 வருட வருமானம் போனது போனதுதான்.

தோற்றது: ஸ்பாண்டோ பாலே குழுவில் மூன்று பேர், பாட்டு எழுதிய கேரி கெம்ப் மேல் போட்ட வழக்கு, 1999. கெம்ப் பாட்டைக் குழுவிடம் கொண்டுவரும்போதே மெட்டும் வரியும் முழுசாக இருந்தன, மற்றவர்கள் செய்தது வாசிப்பு என்று நீதிபதி முடிவு செய்தார். சாக்ஸஃபோன் தனி வாசிப்புக்கும் பங்கு கிடைக்கவில்லை. பாட்டு வருமானத்தில் பங்கு தருவதாக வாய்மொழி ஒப்பந்தம் இருந்தது என்ற வாதமும் நிற்கவில்லை.

பாட்டு ஜாமுக்கு வரும்போது எவ்வளவு முடிந்திருந்தது, அதன் பிறகு யார் எதைச் சேர்த்தார்கள்: கோர்ட் பார்ப்பது இந்த இரண்டையும்தான். அதனால் பாட்டை எடுத்துவரும் ஆள், வந்த அன்றே தன் முதல் டெமோவை குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவது அவருக்கும் நல்லது, சேர்க்கப்போகிறவர்களுக்கும் நல்லது.

நாலு பேரும் உக்காந்து ஜாம்ல போட்ட மெட்டு. யார் எந்த பிட்டுன்னே தெரியல.

இதற்குப் பெயர் கூட்டுப் படைப்பு. ஒருவர் பங்களிப்பை இன்னொருவர் பங்களிப்பிலிருந்து பிரிக்க முடியாதபடி சேர்ந்து செய்ததுதான் கூட்டுப் படைப்பு என்று சட்டம் சொல்கிறது. வரி ஒருவர், மெட்டு ஒருவர் என்று தெளிவாகப் பிரிந்தால் அது கூட்டு ஆகாது, இரண்டு தனிப் படைப்பு. மெட்டை நாலு பேர் சேர்ந்து போட்டால் நாலு பேரும் கூட்டுச் சொந்தக்காரர்கள். கடைசியாக இறப்பவரின் மரணத்திலிருந்து 60 வருடம் எண்ணப்படும்.

கூட்டுச் சொந்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. விளம்பரத்துக்கோ சினிமாவுக்கோ பாட்டைக் கொடுக்க எல்லாருடைய சம்மதமும் வேண்டும். ஒருத்தர் துபாய்க்கு வேலைக்குப் போய் போனை எடுக்காவிட்டால் வாய்ப்பு கைநழுவும். ‘இத்தனை நாளில் பதில் இல்லையென்றால் மீதிப் பேர் முடிவெடுக்கலாம், அவர் பங்குப் பணம் தனியாக வைக்கப்படும்’ என்று ஒரு வரியை முதலிலேயே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. 15 நாள் போதும்.

கானா மெட்டுல நாங்க புது வரி போட்டோம். மெட்டு யாருது?

நம் பக்கத்துக்கே உரிய கேள்வி இது, கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். மூன்று வகை இருக்கிறது.

ஒன்று, யார் போட்டது என்றே தெரியாமல் தலைமுறையாகப் பாடிவரும் மெட்டு. ஒப்பாரி மெட்டு, சாவு வீட்டில் பாடும் கானா மெட்டு, பறை அடிகள் இதில் வரும். இதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, உங்கள் கிட்டாரிஸ்ட் உட்பட. நீங்கள் சேர்த்த ரிஃப், இடையிசை, புது வரிகள் உங்களுடையவை. கிரெடிட்டில் ‘மரபு மெட்டு’ என்றே போடுங்கள். அதே மெட்டில் நாளைக்கு இன்னொரு குழு பாடினால் நீங்கள் தடுக்க முடியாது.

இரண்டு, பழசு மாதிரி தோன்றும், ஆனால் போட்ட ஆள் உண்டு. மூலக்கொத்தளத்திலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு கானா பாடகர் நாற்பது வருடத்துக்கு முன் போட்ட மெட்டு, கேசட்டில் வந்து, எல்லாரும் பாடிப் பாடி பொதுச் சொத்து போல ஆகியிருக்கும். அவர் இறந்து 60 வருடம் ஆகாத வரை உரிமை அவர் வாரிசுகளுக்குத்தான். அவர் எழுதி வைக்கவில்லை என்பதால் ஆதாரம் தேடுவது சிரமம், அவ்வளவுதான். ஏரியாவில் பெரியவர்களிடம் விசாரித்து, குடும்பத்தைக் கண்டுபிடித்து, பெயர் போட்டு, பங்கு பேசி எழுத்தில் வாங்குங்கள். இதைச் செய்யாமல் ‘இசை: எங்கள் பேண்டு’ என்று போடுவது சட்டப்படி ஆபத்து, மரியாதையும் இல்லை.

மூன்று, சினிமாப் பாட்டு மெட்டு. கானாவில் இது சகஜம், மேடையில் யாரும் கேட்பதில்லை. ரெக்கார்டு செய்து ஏற்றினால் கேட்பார்கள். வரி உங்களுடையது என்பது உண்மை. மெட்டுக்கு உரியவர் அனுமதி இல்லாமல் அந்த ரெக்கார்டிங்கை வெளியிட முடியாது. யூடியூபில் பணம் மெட்டு உரிமையாளருக்குத் திரும்பிவிடும், அல்லது வீடியோவே போய்விடும். கவர் வெர்ஷனுக்கு என்று ஒரு சட்ட வழி இருக்கிறதே என்பார்கள். முதல் ரெக்கார்டிங் வந்த ஆண்டு முடிந்து 5 வருடம் கழிய வேண்டும், முன்கூட்டி நோட்டீஸும் பணமும் தர வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும், பாட்டை மாற்றவும் கூடாது. வரியையே மாற்றுகிற உங்களுக்கு அது பொருந்தாது.

ஒரு நாள் வந்து சட்டி வாசிச்சவர் இப்ப பாட்டுல பங்கு கேக்குறாரு.

பேட்டா கொடுத்துக் கூப்பிட்டதால் மட்டும் அவர் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 19-ஆம் பிரிவு. இங்கிலாந்தில் புளூபெல்ஸ் குழுவின் 1984 பாட்டுக்குக் கூலிக்கு வந்து வயலின் வாசித்த பாபி வாலன்டினோ, அந்த வயலின் மெட்டு தன்னுடையது என்று வழக்குப் போட்டு, இத்தனைக்கும் குழு உறுப்பினர் இல்லாமலேயே, கூட்டுப் படைப்பாளர் ஆனார்.

அவர் சொல்லிக்கொடுத்ததை வாசித்தாரா, தானாக ஒரு தனி மெட்டோ அடியோ உருவாக்கினாரா என்று பாருங்கள். உருவாக்கியிருந்தால் பங்கு கொடுப்பதே நியாயம். எதுவானாலும் ஸ்டூடியோவிலிருந்து கிளம்பும் முன் ஒரு பக்கத் தாள்: பாட்டின் பெயர், தேதி, வாங்கிய தொகை, எதற்காக, கிரெடிட்டில் பெயர் எப்படி வரும், இசையமைப்பில் பங்கு உண்டா இல்லையா. அதில் உரிமை மாற்றம் இருந்தால் எத்தனை வருடம், எந்த நாடுகள் என்றும் எழுதுங்கள். வருடம் எழுதாவிட்டால் 5 வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஐந்து வருடம் கழித்துப் பாட்டு ஹிட்டானால் அப்போது உட்கார்ந்து வருத்தப்படுவீர்கள்.

எவ்ளோ எவ்ளோன்னு பிரிக்கிறது?

இரண்டு வழி நடைமுறையில் இருக்கிறது. எல்லாருக்கும் சமம் என்பது ஒன்று. ஆர்.இ.எம். குழு பாட்டுகளை நாலு உறுப்பினர் பெயரிலும் போட்டது. குவீன் குழு ஆளாளுக்குத் தனிப் பெயர் போட்டுவந்து, 1989 ஆல்பத்திலிருந்து குழுவின் பெயரில் போட ஆரம்பித்தது. மூன்று, நாலு பேர், எல்லாரும் ஜாமுக்கு ஒழுங்காக வருகிறவர்கள் என்றால் எங்கள் ஓட்டு சமபங்குக்கே. எந்தப் பாட்டை ஆல்பத்தில் வைப்பது என்ற சண்டை அதனால் பாதி குறையும், ஏனென்றால் யார் பாட்டு உள்ளே போனாலும் பணம் ஒன்றுதான். ஆனால் ஒருவர் மட்டும் ராத்திரி கண்விழித்து எழுதி, மற்றவர்கள் வந்து வாசித்துவிட்டுப் போகும் குழுவில் சமபங்கு இரண்டு வருடம் தாங்காது.

இன்னொரு வழி பாட்டுவாரியாகப் பிரிப்பது. ஒரு கணக்கு பாருங்கள். வரியில் பாடகர் 80, இரண்டாவது சரணத்தில் நாலு வரி கொடுத்த ட்ரம்மர் 20. இசையில் பாடகர் 50, திரும்பத் திரும்ப வரும் ரிஃப்புக்காக கிட்டார் 30, பேஸ் 10, ட்ரம்மர் 10. வரிக்குப் பாதி, இசைக்குப் பாதி என்று வைத்தால் மொத்தத்தில் பாடகர் 65, கிட்டார் 15, ட்ரம்மர் 15, பேஸ் 5. எழுத்து, இசை வகையில் 20,000 ரூபாய் வந்தால் 13,000, 3,000, 3,000, 1,000. பேஸ் வாசிப்பவருக்கு ஆயிரம்தானா என்று முகம் சுருங்கும். ரெக்கார்டிங் வருமானத்தையும் கச்சேரிப் பணத்தையும் நாலாகச் சமமாகப் பிரித்தால் அந்த மனத்தாங்கல் பெரும்பாலும் சரியாகும்.

குழு பெரிசாக இருந்தால் சமபங்கு சரிப்படாது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியபோது 19 பேர். அந்த அளவுள்ள ஒரு குழுவில் எல்லாப் பாட்டையும் எல்லார் பெயரிலும் போட்டால் ஆளுக்கு 5 சதவீதம் சொச்சம் வரும், ஒவ்வொரு அனுமதிக்கும் 19 கையெழுத்து தேட வேண்டும். அங்கே பாட்டுவாரிப் பிரிப்புதான் வழி.

எதுவுமே பேசாம விட்டா என்ன ஆகும்?

குழு ஒன்றாகப் பணம் வாங்கி ஒன்றாகச் செலவு செய்தால், எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அது கூட்டு வியாபாரம் என்று வாதாட இடம் இருக்கிறது. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சமம். தி ஸ்மித்ஸ் குழுவில் இங்கிலாந்துச் சட்டத்தின் இதே விதி வேலை செய்தது. ட்ரம்மர் மைக் ஜாய்ஸுக்கு 10 சதவீதம் கொடுத்துவந்தார்கள். 1996-ல் கோர்ட் அவருக்கு 25 என்றது, 1998-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அது ரெக்கார்டிங், மேடை வருமானத்துக்கு மட்டும். பாட்டு எழுதிய பணம் அதில் சேரவில்லை.

ஸ்பிளிட் ஷீட்ல என்ன எழுதணும்?

பாட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி வைக்கும் தாள்தான் ஸ்பிளிட் ஷீட். ஒரு பாட்டுக்கு ஒரு தாள். பாட்டின் பெயர், ஜாமில் கூப்பிட்ட தற்காலிகப் பெயர் (பழைய ஃபைல்கள் அந்தப் பெயரில்தான் கிடக்கும்), முடித்த தேதி. ஒவ்வொருவருக்கும் ஆதார், பான் அட்டையில் உள்ளபடி பெயர், பக்கத்தில் மேடைப் பெயர். வரியில் எத்தனை சதவீதம், இசையில் எத்தனை என்று தனித்தனி. இரண்டும் தனித்தனியே 100 வர வேண்டும். ‘மூணுல ஒரு பங்கு’ என்று எழுதாமல் 33.34, 33.33, 33.33 என்று எழுதுங்கள். எதைச் செய்தார் என்று ஒரு சொல்லில்: ‘பல்லவி மெட்டு’, ‘தொடக்க ரிஃப்’, ‘இரண்டாம் சரண வரிகள்’. பிறகு சண்டை வரும்போது சதவீதத்தை விட இந்தச் சொற்கள்தான் கைகொடுக்கும்.

அடுத்து ரெக்கார்டிங் யாருடையது, செலவு எவ்வளவு, யார் போட்டது, அதை முதலில் திருப்பி எடுப்பதா. வேறு பாட்டிலிருந்து எடுத்த துண்டு இருந்தால் அது. அனுமதி கொடுக்கும் முடிவு எப்படி எடுக்கப்படும். எல்லார் கையெழுத்து, தேதி, வெளியாள் இருவர் சாட்சி.

இதை வெள்ளைத்தாளில் எழுதினாலும் பங்கு யாருடையது என்பதற்கு ஆதாரம்தான். குழு ஒப்பந்தம் என்று விரிவாகப் போட்டால் முத்திரைத்தாளில் போடுங்கள்; பாரிமுனையில் கோர்ட் எதிரே விற்பவரிடம் ‘ஒப்பந்தத்துக்கு’ என்று சொல்லியே வாங்குங்கள், 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிய காலம் 2024-ல் கட்டணம் ஏறியதோடு முடிந்தது.

எப்போது எழுதுவது? மிக்ஸிங்குக்கு அனுப்பும் நாள். அதற்கு முன் என்றால் பாட்டு மாறிக்கொண்டே இருக்கும். ரிலீஸுக்குப் பின் என்றால் ஆளுக்கு ஒரு வக்கீல் வந்திருப்பார்.

தாள் எதுவும் இல்ல. எதை ஆதாரமா காட்டலாம்?

போனில் பதிந்த முதல் முணுமுணுப்பு, ஜாம் பதிவுகள், வாட்ஸ்அப் ஆடியோ, வரி எழுதிய நோட்டு, ஸ்டூடியோ ப்ராஜெக்ட் ஃபைல்கள், ஜிபே ரசீதுகள். வாட்ஸ்அப்பில் சேமித்த ஆடியோவின் பெயரிலேயே ஒரு தேதி இருக்கும். அது அந்தப் போனுக்கு ஆடியோ வந்த தேதி. நீங்கள் மெட்டுப் போட்ட தேதி என்று அதை நம்பி இருக்காதீர்கள். முதலில் பதிந்த போனில் உள்ள மூல ஃபைல்தான் முக்கியம். போனை மாற்றும்போது எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் தங்கள் சிறந்த சாட்சியைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். குழுவில் தானாக அழியும் மெசேஜ் அமைப்பு இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

ஸ்டூடியோ ப்ராஜெக்டை ஒரே ஃபைலில் மேலே மேலே சேமிக்காமல், ஒவ்வொரு நாளும் தேதி போட்டு வேறு பெயரில் சேமியுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். ஸ்டூடியோ ஹார்ட் டிஸ்க் இடம் போதவில்லை என்று அவர்கள் அழித்துவிடுவார்கள். கோர்ட்டில் இதையெல்லாம் காட்ட, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஃபைலின் ஹேஷ் எண்ணும் குறிக்கப்படும்; ஃபைலில் துளி மாறினாலும் மாறிவிடும் அடையாள எண் அது. ஆகவே ஃபைலைத் திறந்து வெட்டி ஒட்டி ‘சுத்தம்’ செய்யாதீர்கள்.

வரியைக் கவரில் போட்டுத் தனக்குத்தானே தபாலில் அனுப்பிக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நம்பி உட்காராதீர்கள். 500 ரூபாய்க்கு முறையான பதிவே இருக்கிறது.

பதிவு கட்டாயமா? எங்க போடணும்?

கட்டாயம் இல்லை, படைத்த உடனேயே உரிமை வந்துவிடும். பதிவு இருந்தால் கோர்ட் அதை முதல்நிலை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் பதினான்காம் எண் படிவம். வரிக்கு 500, இசைக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். விண்ணப்பித்த பின் 30 நாள் ஆட்சேபத்துக்காகக் காத்திருக்கும். கூட்டாளி ஒருவர் உங்கள் பெயரை விட்டுவிட்டுப் பதிவு போட்டது தெரிந்தால் அந்த 30 நாளுக்குள் ஆட்சேபம் அனுப்புங்கள்.

ஸ்டூடியோ பில் முழுக்க நான்தான் கட்டுனேன். பாட்டே என்னுது தானே?

ரெக்கார்டிங் வேண்டுமானால் உங்களுடையதாக இருக்கலாம். ஒலிப்பதிவைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரே தயாரிப்பாளர் என்கிறது சட்டம். பணம் கொடுத்தது அதற்கு நல்ல அடையாளம். வரியும் மெட்டும் அதனால் உங்களிடம் வராது. மற்றவர்கள் அதைக் கடனாக நினைத்தார்களா, முதலீடாக நினைத்தார்களா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ஜிபேயில் அனுப்பும்போது குறிப்பில் ‘பாட்டு ரெக்கார்டிங் செலவு, நாலில் என் பங்கு’ என்று இரண்டு சொல் எழுதினாலே போதும்.

அப்லோடு பண்ணவன் அக்கவுண்ட்டுக்கே காசு போகுது. பாஸ்வேர்டும் அவன்கிட்ட.

அடிக்கடி நடப்பது. குழுவுக்கென்று ஒரு மெயில் ஐடி, இரண்டு பேர் போன் எண்ணோடு. யூடியூப் சேனலில் குறைந்தது இரண்டு உரிமையாளர்கள். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகத் தளங்களில் வருமானத்தைத் தானாகவே பிரித்து அனுப்பும் வசதி இருக்கிறது. அதை ரிலீஸுக்கு முன்னாலேயே அமைத்துவிடுங்கள்.

பலர் குழம்பும் இடம் ஒன்று. அந்தத் தளத்திலிருந்து வருவது ரெக்கார்டிங்குக்கான பணம். அங்கே 25 சதவீதம் போட்டதால் நீங்கள் 25 சதவீத இசையமைப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். எழுதியவர், இசையமைத்தவர் பெயர் போடும் கட்டங்கள் தனியாக இருக்கும். அவசரத்தில் அப்லோடு செய்பவர் எல்லாவற்றிலும் தன் பெயரையோ பேண்டு பெயரையோ தட்டிவிடுவார். முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள். பதிவு எண்ணான ஐஎஸ்ஆர்சி 12 எழுத்து கொண்டது, அதைக் குறித்து வையுங்கள். பாட்டை எடுத்துவிட்டு வேறு அக்கவுண்டில் ஏற்றும்போது அதே எண்ணைக் கொடுக்காவிட்டால் பழைய கேட்பு எண்ணிக்கை போய்விடும்.

ஐபிஆர்எஸ்ல சேரணுமா?

வரி எழுதுகிறவரும் இசையமைப்பவரும் சேர வேண்டும். ஐபிஆர்எஸ் என்பது பாட்டு எழுதுவோர், இசையமைப்போருக்காக 1969-ல் தொடங்கிய சங்கம், தலைமையகம் மும்பையில், 2017-ல் 2012 திருத்தத்தின் கீழ் மறுபதிவு பெற்றது. ரேடியோ, ஓட்டல், மேடை, ஸ்ட்ரீமிங் ஆகியவற்றில் வரிக்கும் இசைக்கும் சேரும் பணத்தை வசூலித்துக் கொடுக்கிறது. பேண்டாகச் சேர முடியாது, ஒவ்வொருவரும் தனித்தனியே சேர வேண்டும். வாசிப்பு மட்டும் செய்தவருக்கு இங்கே ஒன்றும் இல்லை. பாட்டைப் பதியும்போது பங்கு சதவீதம் கேட்பார்கள். ஒருவர் 100, இன்னொருவர் 50 என்று பதிந்தால் மோதல் தீரும்வரை பணம் நிற்கும். ஸ்பிளிட் ஷீட்டில் உள்ளதையே எல்லாரும் போடுங்கள்.

கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டத்திலும் பாட்டு வாசிப்பதற்கு உரிமம் தேவையில்லை என்று 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. உங்கள் பாட்டு ஊரெல்லாம் கல்யாணத்தில் ஓடினாலும் அதிலிருந்து ராயல்டி எதிர்பார்க்காதீர்கள்.

லேபிள்காரங்க ‘எல்லாம் எழுதிக் கொடுத்துடு’ங்கறாங்க. ஒருத்தர் மட்டும் கையெழுத்து போட்டா செல்லுமா?

அவர் பங்குக்குத்தான் செல்லும். மற்றவர்கள் சார்பில் கையெழுத்துப் போட எழுத்து அதிகாரம் வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பின், சினிமாவிலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த வரிக்கும் இசைக்கும் ராயல்டியில் சமபங்கு வாங்கும் உரிமையைப் படைத்தவர் விட்டுக்கொடுக்கவே முடியாது. தியேட்டரில் படம் ஓடுவது மட்டும் விலக்கு. ‘ராயல்டி வேண்டாம்’ என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்த வரி செல்லாது. பெயர் போடும் உரிமை 57-ஆம் பிரிவின்படி உரிமையை விற்ற பின்னும் உங்களோடுதான் இருக்கும்.

தமிழில் இந்தச் சண்டை பெரிய அளவில் வெளியே வந்தது 2022-ல். முந்தைய வருடம் வெளியாகி உலகமெல்லாம் ஓடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்ற தனிப்பாட்டைச் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாடினார்கள், ஆனால் அதைப் பாடியவர்களில் ஒருவரான ராப் பாடகர் அறிவு மேடையில் இல்லை. பிறகு அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் அந்தப் பாட்டு உருவான விதத்தைப் பற்றித் தனித்தனியே அறிக்கை விட்டார்கள். யார் எதைச் செய்தார்கள் என்பதை ரிலீஸுக்குப் பின் ஊர் முன்னால் விளக்க வேண்டி வந்தால் எவ்வளவு பெரிய கலைஞர்களுக்கும் அது கஷ்டம்.

பேண்டை விட்டுப் போறேன். என் பாட்டை அவங்க பாடக் கூடாதுன்னு சொல்லலாமா?

பங்கும் பெயரும் உங்களோடு வரும். முழுக்க நீங்கள் எழுதிய பாட்டு என்றால் புதுசாக ரெக்கார்டு செய்ய உங்கள் அனுமதி வேண்டும். மேடைக்கு, நீங்கள் ஐபிஆர்எஸ் உறுப்பினராக இருந்து நிகழ்ச்சி நடத்துபவர் அங்கே உரிமம் வாங்கியிருந்தால் தடுப்பது கடினம்; பணம் வரும், வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டுப் பாட்டு என்றால் பேசித்தான் ஆக வேண்டும்.

பேண்டு பெயர் வேறு விஷயம், அது வணிகக் குறி. கலை நிகழ்ச்சிகள் வரும் 41-ஆம் வகுப்பில், தனி ஆள் இணையத்தில் விண்ணப்பித்தால் 4,500 ரூபாய், 10 வருடம். ஒருவர் பெயரில் மட்டும் போட்டால் நாளை அவர் தனியாகப் போய் அதே பெயரில் வேறு ஆட்களை வைத்து மேடை ஏறுவார். எல்லார் பெயரிலும் போடுங்கள்.

எங்க பாடகனுக்கு வயசு 16. அவன் கையெழுத்து செல்லுமா?

ஒப்பந்தம் செல்லாது, 18 ஆகாதவரோடு செய்ததால். அவன் எழுதிய வரியின் உரிமை மட்டும் முழுசாக அவனுடையது. அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும், 18 ஆனதும் அவனிடம் மறுபடி ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

சண்டை வந்தாச்சு. இப்ப என்ன பண்றது?

முதலில் பாட்டைத் தூக்கச் சொல்லி தளத்துக்குப் புகார் போடாதீர்கள். கேட்பு எண்ணிக்கையும் பிளேலிஸ்ட் இடமும் போனால் பிரிக்க ஒன்றும் மிஞ்சாது. பணத்தை மட்டும் நிறுத்தி வைக்கும்படி விநியோகத் தளத்துக்கும் ஐபிஆர்எஸ்ஸுக்கும் எழுதுங்கள்.

அடுத்து, ஒரு நடுவர். இசை தெரிந்தவராக, இரண்டு பக்கமும் மதிக்கிற அண்ணனாக இருக்கட்டும். முதல் டெமோவையும் கடைசி மாஸ்டரையும் பக்கத்தில் வைத்து, நேரம் குறித்துக் கேளுங்கள்: 0:00 ரிஃப் யார், 0:18 பல்லவி யார், 1:05 இடையிசை யார். ஒருத்தர் சொல்வதை மற்றவர் மறுத்தால் அந்த இடத்தில் மட்டும் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். முழுப் பாட்டையும் முடித்த பின் கேள்விக்குறிகளை எண்ணினால் சண்டை இரண்டு இடத்தில்தான் இருக்கும்.

அதிலும் முடியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ். தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அது வணிக வழக்கு. உடனடித் தடை கேட்காத பட்சத்தில் வழக்குக்கு முன் சமரசம் கட்டாயம். சட்டப் பணிகள் ஆணையத்தில் விண்ணப்பம், கட்டணம் 1,000 ரூபாய், மூன்று மாதம், தேவைப்பட்டால் இன்னும் இரண்டு. நீங்கள் குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம் என்பது பதிப்புரிமை வழக்கில் உள்ள வசதி. அறிவுசார் சொத்துப் பிரிவு உள்ள உயர் நீதிமன்றம் நமக்குப் பாரிமுனை வளாகத்திலேயே இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், சிறார்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அதே வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில் கேளுங்கள். பணம் கேட்கும் வழக்குக்குப் பொதுவாக 3 வருடக் கெடு.

போலீஸ்ல கம்ப்ளைண்ட் கொடுத்தா சீக்கிரம் முடியுமா?

பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. அது உங்கள் பாட்டைத் திருடி விற்ற வெளியாளுக்கு. சேர்ந்து பாட்டுப் போட்டவர்களுக்குள் 30-ஆ 40-ஆ என்ற தகராறோடு ஸ்டேஷனுக்குப் போனால், இது சிவில் விவகாரம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கூட்டாளி கள்ளக் கையெழுத்துப் போட்டு உரிமையை விற்றிருந்தால் மட்டும் நிலைமை வேறு. அதற்கு மூல ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.